கண்ணும் காமிராவும் கண்ட நெபுலா

ஒரு தை மாத இரவு. எங்கள் கல்லூரி மொட்டை மாடியில் 10 செ.மீ. விட்டமுள்ள சிறிய தொலைநோக்கி ஒன்றை ஓரியன் நெபுலாவின் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். முதலாண்டு மாணவர் இருவரிடம் ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்து, "மாறி மாறிப் பாருங்கள், பார்த்ததை வரையுங்கள், ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது" என்றேன். அரை மணி நேரத்தில் இரண்டு படங்களும் தயாராயின.

முதல் படத்தில் நடுவே நான்கு புள்ளிகள். அவற்றைச் சுற்றி விசிறி போன்ற ஒரு மங்கல். அதிலிருந்து ஒரு பக்கமாகக் குட்டையான ஒரு சிறகு. அவ்வளவுதான். இரண்டாவது படத்திலோ இரண்டு சிறகுகள் நீண்டு வளைந்து, எதிர்ப்புறத்தில் ஒன்றோடொன்று கூடி முழு வளையமாகவே இருந்தன. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் இரண்டாவது படத்தையே மெச்சினார்கள்.

"தம்பி, இந்த வளையம் முடிகிற இடத்தைப் பார்த்தாயா?" என்று அதை வரைந்தவனிடம் கேட்டேன். சற்றுத் தயங்கினான். "அங்கே அது இருக்கிறது சார். புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன்" என்றான்.

பிறகு தொலைநோக்கியின் கண்ணருகு லென்சைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சிறிய வீடியோ காமிரா ஒன்றைப் பொருத்திக் கணினியுடன் இணைத்தோம். சில நிமிடங்களில் திரையில் சிறகுகள் நீண்டன. வளையமும் மங்கலாகத் தெரிந்தது. "பார்த்தீர்களா சார், நான் வரைந்தது சரிதானே!" என்று அவன் மகிழ்ந்தான்.

அவன் வரைந்தது சரியா? நான் முதல் படத்துக்கே கூடுதல் மதிப்பெண் கொடுத்தேன். ஏன் என்று நீங்களும் கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கே இக்கட்டுரை. கண் எவ்வாறு பார்க்கிறது, காமிரா எவ்வாறு பார்க்கிறது, இரண்டையும் வைத்துக்கொண்டு கை எவ்வாறு வரைய வேண்டும் என்பவற்றைத் தெரிந்துகொண்டால் விடை தானே விளங்கிவிடும்.

முகிலைப் பற்றிய ஒரு வழக்கு

நெபுலா என்னும் இலத்தீன் சொல்லுக்கு முகில் அல்லது பனிமூட்டம் என்று பொருள். விண்மீன்களுக்கு இடையே பரவிக் கிடக்கும் வாயுவும் தூசும் சேர்ந்தவையே நெபுலாக்கள். ஓரியன் எனப்படும் வேட்டைக்காரன் விண்மீன் குழுவில், வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களை அவனுடைய இடைவார் என்பார்கள். அதற்குச் சற்றுத் தெற்கே தொங்கும் வாளின் நடுவில் இருக்கிறது ஓரியன் நெபுலா. நம்மிடமிருந்து அது 1,300 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உள்ளது. அதன் நடுவே நெருங்கி நிற்கும் நான்கு இளம் விண்மீன்களுக்கு டிரபீசியம் (சரிவகம்) என்று பெயர். அவற்றுள் மிகவும் வெப்பமான விண்மீன் வீசும் புறஊதாக் கதிர்களே இந்த வாயுவை ஒளிரச் செய்கின்றன.

1617ஆம் ஆண்டில் கலீலியோ தம் தொலைநோக்கியால் இதே இடத்தைப் பார்த்து, டிரபீசியத்தின் மூன்று விண்மீன்களை வரைந்து வைத்தார். நெபுலாவைப் பற்றி ஒரு சொல்லும் அவர் எழுதவில்லை. 1656இல் டச்சு அறிஞர் ஹைகன்ஸ் அந்த நெபுலாவைக் கண்டு வரைந்தார். அப்படம் 1659இல் அச்சாயிற்று. 1774 மார்ச் 4ஆம் நாள் வில்லியம் ஹெர்ஷல் தாமே செய்த தொலைநோக்கியால் பார்த்தபோது, நெபுலாவின் வடிவம் ஹைகன்ஸ் படத்தில் கண்டது போல் இல்லை. எனவே நெபுலா மாறியிருக்க வேண்டும் என்று அவர் கருதினார்.

இங்கேதான் வழக்கு தொடங்குகிறது. மாறியது நெபுலாவா, அல்லது வரைந்த கையா? அடுத்த நூறு ஆண்டுகளில் பலர் இதே நெபுலாவை வரைந்தனர். ஜான் ஹெர்ஷல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்தும், ஜார்ஜ் பாண்ட் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்திலிருந்தும் மிகுந்த பொறுமையோடு வரைந்தார்கள். எந்த இரண்டு படங்களும் முற்றிலும் ஒத்திருக்கவில்லை. தொலைநோக்கிகள் வெவ்வேறு, வானின் தெளிவு வெவ்வேறு, கண்கள் வெவ்வேறு, கைகளும் வெவ்வேறு. 1882இல் எட்வர்டு ஹோல்டன் என்னும் அமெரிக்க வானியலார் அதுவரை வந்த படங்களையெல்லாம் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஒரு பெரிய நூலே எழுத வேண்டியதாயிற்று.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே ஒரு புதிய சாட்சி வந்து சேர்ந்திருந்தது. 1880 செப்டம்பர் 30ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் ஹென்றி டிரேப்பர் 28 செ.மீ. தொலைநோக்கியில் ஒளிப்படத் தட்டைப் பொருத்தி, 51 நிமிடங்கள் ஒளி விழச் செய்து ஓரியன் நெபுலாவின் முதல் ஒளிப்படத்தை எடுத்தார். 1883இல் இங்கிலாந்தைச் சேர்ந்த காமன் எடுத்த படங்களில், அதே தொலைநோக்கியில் கண்ணுக்குத் தெரியாத விண்மீன்களும் பதிந்திருந்தன. கண்ணால் முடியாததைத் தட்டு எப்படிச் செய்தது?

தொலைநோக்கி வெளிச்சத்தைக் கூட்டுகிறதா?

முதலில் கண்ணை எடுத்துக்கொள்வோம். நல்ல இருட்டில் இளைஞர்களின் கண்பாவை ஏறத்தாழ 7 மி.மீ. விட்டத்துக்கு விரிகிறது. 10 செ.மீ. தொலைநோக்கியின் பொருளருகு லென்சு 100 மி.மீ. விட்டமுடையது. சேரும் ஒளி விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். 100ஐ 7ஆல் வகுத்து வர்க்கப்படுத்திப் பாருங்கள். ஏறத்தாழ 200 வரும். வெறுங்கண்ணை விட 200 மடங்கு ஒளி!

அப்படியானால் நெபுலா 200 மடங்கு பிரகாசமாகத் தெரிய வேண்டுமல்லவா? தெரிவதில்லை. காரணம் எளியது. சேர்ந்த ஒளி முழுவதும் 7 மி.மீ. பாவைக்குள் நுழைய வேண்டுமானால் குறைந்தது 14 மடங்கு உருப்பெருக்கம் வேண்டும். 14 மடங்கு பெருக்கினால் நெபுலாவின் பரப்பு 14இன் வர்க்கம், அதாவது ஏறத்தாழ 200 மடங்காக விரிகிறது. 200 மடங்கு ஒளி 200 மடங்கு பரப்பில் பரவுகிறது. ஆகவே ஒரு சிறு பரப்பின் பிரகாசம் வெறுங்கண்ணுக்கு இருந்த அளவேதான் இருக்கும். உருப்பெருக்கத்தை 50 மடங்காக உயர்த்தினாலோ, அது ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

விண்மீன்களின் கதை வேறு. அவை புள்ளிகள், பெருக்கினாலும் பரவுவதில்லை. எனவே அவை உண்மையாகவே பிரகாசமடைகின்றன. நெபுலா பிரகாசமடைவதில்லை, பெரிதாகிறது. மங்கலான பொருள் பெரிதாக இருந்தால் விழித்திரையின் பல செல்கள் சேர்ந்து அதை உணர முடிகிறது. தொலைநோக்கியில் நாம் நெபுலாவைக் காண்பதற்கு இதுவே காரணம்.

கண்ணுக்கு வேறு இரண்டு எல்லைகளும் உண்டு. விழித்திரையில் கூம்பு செல்கள், குச்சி செல்கள் என இருவகைச் செல்கள் இருப்பதைப் படித்திருப்பீர்கள். நிறம் காட்டும் கூம்பு செல்கள் மங்கல் ஒளியில் வேலை செய்வதில்லை. குச்சி செல்களே அப்போது துணை. அவை முழுத் திறனைப் பெற இருட்டில் ஏறத்தாழ அரை மணி நேரம் பிடிக்கும். மேலும், நாம் நேராகப் பார்க்கும் பொருளின் பிம்பம் விழும் விழித்திரையின் நடுக்குழியில் குச்சி செல்களே இல்லை. அதனால்தான் மங்கலான நெபுலாவை நேராக நோக்கினால் மறைந்துவிடுகிறது. சற்றுப் பக்கவாட்டில் பார்வையைச் செலுத்தினால் தெரிகிறது. இதை ஓரக்கண் பார்வை எனலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புத்தகப் படத்தில் சிவப்பாக இருக்கும் ஓரியன் நெபுலா, தொலைநோக்கியில் சாம்பல் நிறமாகவோ இலேசான பச்சையாகவோ தெரிவது ஏன்? 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவின் ஒளியை நிறமாலை காட்டியால் பிரித்தபோது பச்சை நிறத்தில் பிரகாசமான கோடுகளைக் கண்டார். பூமியில் அறியப்பட்ட எந்தத் தனிமமும் அத்தகைய கோட்டைத் தராததால் 'நெபுலியம்' என்ற புதுத் தனிமம் இருப்பதாகச் சிலர் நம்பினர். 1927இல் ஐரா போவன், அது இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனே என்று காட்டினார். அதன் முக்கியமான கோடு 500.7 நானோமீட்டரில் இருக்கிறது. குச்சி செல்கள் மிகக் கூர்மையாக உணர்வதும் ஏறத்தாழ அதே அலைநீளத்தைத்தான். ஹைட்ரஜனின் சிவப்புக் கோடோ 656.3 நானோமீட்டரில் உள்ளது. அங்கே குச்சி செல்களின் திறன் உச்ச அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிவப்பு அங்கே நிறைய இருக்கிறது. நம் கண்தான் அதற்குக் குருடு.

மழையில் வைத்த டம்ளர்கள்

இனி காமிராவுக்கு வருவோம். மொட்டை மாடியில் நூறு டம்ளர்களை வரிசையாக வைத்திருக்கிறீர்கள், தூறல் தொடங்குகிறது. முதல் சில விநாடிகளில் ஒரு டம்ளரில் மூன்று துளி, பக்கத்து டம்ளரில் ஒன்று, அடுத்ததில் ஒன்றுமில்லை. எந்தப் பக்கம் தூறல் அதிகம் என்று அதைக்கொண்டு சொல்ல முடியுமா? முடியாது. ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். திறந்த வெளியில் இருந்த டம்ளர்களில் நீர் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும். மரக்கிளைக்கு அடியில் இருந்தவற்றில் குறைவாக இருக்கும். நேரம் கூடக் கூட உண்மையான வேறுபாடு வெளிப்படுகிறது. தற்செயல் வேறுபாடு அமுங்கிவிடுகிறது.

நெபுலாவின் ஒளியும் அத்தகைய தூறலே. அது ஃபோட்டான்கள் என்னும் துளிகளாக வருகிறது. நம் கண் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒருமுறை டம்ளரைக் கவிழ்த்துவிடுகிறது என்று சொல்லலாம். அசையும் உலகத்தைப் பார்க்க அது தேவை. நெபுலாவைப் பார்க்க அது இடையூறு.

காமிராவின் உணரியில் இலட்சக்கணக்கான சிறு சதுரங்கள் உள்ளன. இவற்றைப் பிக்சல்கள் என்பர். ஒவ்வொன்றும் ஒரு டம்ளர். ஒளி விழுந்தால் எலெக்ட்ரான்கள் சேர்கின்றன. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயிலும் ஸ்மித்தும் உருவாக்கிய சி.சி.டி. என்னும் உணரி இவ்வகையைச் சேர்ந்தது. அதற்காக 2009இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தொலைக்காட்சி முறைப்படி இயங்கும் வீடியோ காமிரா விநாடிக்கு 25 படங்கள் எடுக்கும். ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் 1/25 விநாடிதான். அதில் மங்கலான நெபுலா தெரியாது. எனவே பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்ட வேண்டும். ஒரு காலத்தில் இதற்கெனவே பல விநாடி ஒளியைச் சேர்த்துக் காட்டும் வீடியோ காமிராக்கள் வந்தன. இப்போது சிறு காமிராவைக் கணினியுடன் இணைத்தால், மென்பொருளே படங்களை விண்மீன்களின் இடம் பார்த்துப் பொருத்திக் கூட்டித் திரையில் காட்டிவிடுகிறது.

கூட்டுவதால் என்ன இலாபம்? ஒரு பிக்சலில் விநாடிக்குச் சராசரியாக 4 ஃபோட்டான்கள் விழுவதாகக் கொள்வோம். தற்செயல் ஏற்ற இறக்கம் அந்த எண்ணின் வர்க்கமூலம் ஆகும், அதாவது 2. நாலுக்கு இரண்டு என்றால் பாதிக்குப் பாதி ஐயம்! நூறு விநாடி சேர்த்தால் 400 ஃபோட்டான்கள். ஏற்ற இறக்கம் 20. ஐயம் 5 விழுக்காடுதான். நேரத்தை 100 மடங்காக்கினால் தெளிவு 10 மடங்காகிறது. இந்த வர்க்கமூல விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் முதலில் மணல் தூவியது போல் இருக்கும் படம், நிமிடங்கள் செல்லச் செல்ல மென்மையாவதை நேரில் பார்க்கும்போது, அந்த விதி உங்கள் கண்முன்னே வேலை செய்வதை உணர்வீர்கள்.

சில கணக்குகள்

காமிராவைப் பொருத்துமுன் மூன்று கணக்குகளைப் போட்டுப் பார்ப்பது நல்லது. முதலாவது, பார்வைப் பரப்பு. உங்கள் தொலைநோக்கியின் குவியத் தொலைவு 1,000 மி.மீ., உணரியின் அளவு 6.4 மி.மீ.க்கு 4.8 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வானில் தெரியும் பகுதி ஏறத்தாழ 22 கலைக்கு 16 கலை. (ஒரு பாகையில் அறுபதில் ஒன்று ஒரு கலை.) முழுநிலவின் அகலமே 30 கலைதான். ஓரியன் நெபுலா அதைப் போல் இருமடங்கு அகலமுள்ளது. அதன் நடுப்பகுதி மட்டுமே திரையில் அடங்கும். ஆனால் லைரா விண்மீன் குழுவிலுள்ள வளைய நெபுலாவோ ஒன்றரைக் கலைக்கும் குறைவு. அதற்கு இந்த அமைப்பு நன்றாகப் பொருந்தும்.

இரண்டாவது, குவிய விகிதம். அதாவது குவியத் தொலைவை விட்டத்தால் வகுத்து வரும் எண். 1,000ஐ 100ஆல் வகுக்க 10. குவியத் தொலைவைச் சுருக்கும் லென்சு ஒன்றைக் காமிராவுக்கு முன்னே இட்டு இதை 5ஆக்கினால், ஒளி நான்கில் ஒரு பங்குப் பரப்பில் குவிகிறது. எனவே கால்வாசி நேரத்திலேயே அதே அளவு ஒளி ஒவ்வொரு பிக்சலிலும் சேர்ந்துவிடும். பார்வைப் பரப்பும் நீள அகலங்களில் இருமடங்காகும். எங்கள் மாடியில் வளையம் தெரிந்தது இத்தகைய லென்சின் துணையால்தான்.

மூன்றாவது, பூமியின் சுழற்சி. வானம் விநாடிக்கு 15 விகலை வீதம் நகர்கிறது. (ஒரு கலையில் அறுபதில் ஒன்று ஒரு விகலை.) 1,000 மி.மீ. குவியத் தொலைவில் இது உணரியின்மேல் விநாடிக்கு ஒரு மி.மீ.இல் 0.073 பங்கு நகர்ச்சி. பிக்சலின் அகலம் 0.008 மி.மீ. என்றால், ஒரே விநாடியில் பிம்பம் ஒன்பது பிக்சல் தள்ளிப் போய்விடும். எனவே வானத்தைப் பின்தொடரும் மோட்டார் பொருத்திய தாங்கி வேண்டும். அது இல்லாதவர்கள் மிகக் குறுகிய நேரப் படங்களை எடுத்து மென்பொருளால் பொருத்திக் கூட்டலாம். ஆனால் ஒவ்வொரு படத்தையும் படிக்கும்போது காமிராவின் மின்சுற்றும் சிறிது இரைச்சலைச் சேர்க்கிறது. ஆதலால் அப்படம் சற்றுத் தரம் குறைந்தே இருக்கும்.

காமிராவும் பொய் சொல்லும்

இவ்வளவு திறமையான காமிரா இருக்கும்போது பென்சில் எதற்கு என்று தோன்றுகிறதா? ஓரியன் நெபுலாவின் நடுப்பகுதியைத் திரையில் பாருங்கள். வெளிச் சிறகுகள் தெரியும் அளவுக்கு ஒளியைச் சேர்த்தால் நடுப்பகுதியில் டம்ளர்கள் நிரம்பி வழிந்துவிடும். டிரபீசியத்தின் நான்கு விண்மீன்களும் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். அவை தனித்தனியே தெரியும்படி நேரத்தைக் குறைத்தால் சிறகுகள் மறைந்துவிடும். கண்ணோ, பிரகாசத்தையும் மங்கலையும் ஒருங்கே தாங்கக் கூடியது. நான்கு விண்மீன்களையும் அவற்றைச் சூழ்ந்த மங்கலையும் ஒரே பார்வையில் காட்டுகிறது.

மேலும், திரையில் ஒரு பொத்தானைத் திருப்பினால் கருமை வெண்மை வேறுபாடு மாறுகிறது. ஒரு சிறகை நீளமாகவும் காட்டலாம், குட்டையாகவும் காட்டலாம். அமைப்பைக் குறிக்காத படம், அளவுகோல் இல்லாத வரைபடம் போன்றதே. சாதாரணக் காமிராக்களில் உணரிக்கு முன்னே உள்ள வடிகட்டி ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதும் உண்டு. ஆகவே காமிரா 'உள்ளபடி' காட்டுகிறது என்று நம்பிவிடக் கூடாது. கண்ணைப் போலவே அதற்கும் அதன் குறைகள் உண்டு.

பென்சிலின் பயன் இங்கேதான். திரையில் குறுகிய நேரப் படம் ஒன்றிலிருந்து நடுப்பகுதியையும், நீண்ட நேரப் படம் ஒன்றிலிருந்து சிறகுகளையும் பார்த்து, இரண்டையும் ஒரே தாளில் கொண்டுவரலாம். அதைவிட முக்கியம், வரைவதற்காகப் பார்க்கும்போது நாம் உண்மையிலேயே பார்க்கிறோம். இந்த ஓரம் கூர்மையா, மழுங்கலா? இந்த இருண்ட பள்ளம் எந்த விண்மீனுக்கு நேரே முடிகிறது? பென்சில் பிடித்த கை கேட்கும் இக்கேள்விகளைப் படத்தை எடுத்து வைத்துவிட்டுப் போகிறவர் கேட்பதில்லை.

வரையும் முறை

எங்கள் மாடியில் நாங்கள் பின்பற்றும் ஒழுங்கைச் சொல்கிறேன். முதலில் கண்; பிறகுதான் காமிரா. திரையைப் பார்த்துவிட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும். அரை மணி நேரம் வீண். அதோடு, திரையில் கண்டதைக் கண் மறக்காது. காணாததையும் கண்டதாக எண்ணும்.

தாளில் 10 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் போடுங்கள். அதுவே உங்கள் பார்வைப் பரப்பு. கைவிளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டுங்கள். குச்சி செல்கள் சிவப்பை உணராததால் கண்ணின் பழக்கம் கெடாது. அரை மணி நேரம் இருட்டில் இருந்த பின் பார்க்கத் தொடங்குங்கள். முதலில் பிரகாசமான விண்மீன்களைப் புள்ளியிட்டு, அவற்றுக்கிடையே முக்கோணங்களைக் கற்பனை செய்து இடங்களைச் சரிபாருங்கள். இந்தப் புள்ளிகள் தவறினால் பின்னால் வருவதெல்லாம் தவறும்.

அடுத்து, மென்மையான பென்சிலால் இலேசாகத் தேய்த்து, பஞ்சாலோ விரலாலோ பரப்பி மங்கலைக் காட்டுங்கள். வானில் வெளிச்சமானது தாளில் கறுப்பாக வரும். அதனால் குழப்பம் வேண்டாம், வானியலார் வழக்கமே அதுதான். உறுதியாகத் தெரிந்த ஓரத்தை அழுத்தமாகவும், ஓரக்கண்ணில் ஒருமுறை தெரிந்து மறைந்ததைப் புள்ளிக்கோட்டாலும் காட்டுங்கள். மேற்கு எந்தப் பக்கம் என்பதையும் குறியுங்கள். மோட்டாரை நிறுத்தினால் விண்மீன்கள் எந்தப் பக்கமாக நகர்ந்து வெளியேறுகின்றனவோ அதுவே மேற்கு. கீழே நாள், நேரம், தொலைநோக்கி, உருப்பெருக்கம், வானின் நிலை ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிடுங்கள்.

இதன் பிறகே காமிரா. திரையின்மேலும் சிவப்புத் தாளைப் போர்த்தலாம். இரண்டாவது தாளில், திரையில் காண்பதைத் தனியாக வரையுங்கள். எத்தனை விநாடிப் படங்கள், எத்தனை படங்கள் கூட்டப்பட்டன என்பதை எழுதுங்கள். முதல் தாளை ஒருபோதும் திருத்தாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்கள் கண் எதைத் தவறவிடுகிறது, எதை இட்டுக்கட்டுகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். சில மாதங்களில் கண் தேறிவிடும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

நெபுலாக்கள் உண்மையாகவே மாறுவதும் உண்டு என்பதால்தான். 1852இல் ஆங்கிலேயர் ஜான் ஹைண்ட் டாரஸ் விண்மீன் குழுவில் கண்ட நெபுலா, 1861இல் தேடியபோது காணப்படவில்லை. பல ஆண்டுகள் கழித்து மீண்டும் தென்பட்டது. அருகிலுள்ள மாறொளி விண்மீனின் ஒளியே அந்தத் தூசு முகிலை விளக்குகிறது. 1916இல் எட்வின் ஹபிள், என்.ஜி.சி. 2261 என்னும் விசிறி வடிவ நெபுலாவின் தோற்றம் மாறுவதை ஒளிப்படங்களைக் கொண்டு காட்டினார். அதன் முனையிலுள்ள விண்மீனை ஒட்டி நகரும் தூசுத் திரள்களின் நிழல் நெபுலாவின்மேல் ஓடுவதால் இந்த மாற்றம்; சில வாரங்களிலேயே தெரியக்கூடியது. 1949 ஜனவரியில் அமெரிக்காவின் பாலோமர் மலையில் 200 அங்குலத் தொலைநோக்கி எடுத்த முதல் படமும் இதே நெபுலாவினுடையதுதான்.

பெரிய கருவிகளுக்கு மட்டும்தான் இந்த வாய்ப்பு என்று எண்ண வேண்டாம். 2004 ஜனவரி 23ஆம் நாள் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜே மெக்நீல் என்னும் பொழுதுபோக்கு வானியலார், வெறும் 7.6 செ.மீ. தொலைநோக்கியில் சி.சி.டி. காமிராவைப் பொருத்தி ஓரியன் குழுவிலுள்ள எம்78 நெபுலாவைப் படமெடுத்தார். பக்கத்தில், படங்களில் இல்லாத ஒரு சிறு முகில் புதிதாக நின்றது! ஓர் இளம் விண்மீன் திடீரெனப் பிரகாசமாகித் தன்னைச் சூழ்ந்த தூசை ஒளிரச் செய்திருந்தது. பழைய படங்களைத் தேடியபோது 1966இல் ஒருவர் எடுத்த ஒளிப்படத்திலும் அது பதிந்திருந்தது. ஆக, அது முன்னரும் ஒருமுறை ஒளிர்ந்து அடங்கிய முகில். 2004க்குப் பின்னும் அது மங்கி, 2008இல் மறுபடி ஒளிர்ந்தது.

இப்போது எண்ணிப் பாருங்கள். அன்றிரவு மெக்நீல் இருந்த இடத்தில், புத்தகத்தில் கண்டபடி வரையும் ஒருவர் இருந்திருந்தால்? புத்தகத்தில் இல்லாத முகிலை அவர் கண்டிருக்கவே மாட்டார். அல்லது என்றோ மறைந்துபோன முகிலைப் புத்தகத்தில் இருக்கிறதென்று வரைந்திருப்பார். என் மாணவன் வரைந்த வளையம் வானில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அன்று அவன் கண் அதைக் காணவில்லை. நாளை வானில் ஏதேனும் மாறினால் அவனுடைய படம் அதைக் காட்டிக்கொடுக்காது. மதிப்பெண் குறைந்தது அதனால்தான்.

மாசி மாத முன்னிரவுகளில் வானத்தின் உச்சியை ஒட்டிப் பாருங்கள். செந்நிறத் திருவாதிரை விண்மீனுக்குக் கிழக்கே ஒற்றைக்கொம்புக் குதிரை எனப்படும் மங்கலான விண்மீன் குழு இருக்கிறது. ஹபிள் கண்ட விசிறி நெபுலா அங்கேதான் உள்ளது. விண்மீன் வரைபடம் ஒன்றின் துணையோடு தேடுங்கள். மார்கழி முதல் பங்குனி வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, நிலவில்லாத இரவில், ஒரே தொலைநோக்கி, ஒரே காமிரா, ஒரே அமைப்பில் கண்ணால் ஒன்றும் திரையால் ஒன்றுமாக வரைந்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் பழைய தாள்களை மூடி வைத்துவிட்டு வரைய வேண்டும். பங்குனி முடிவில் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பிப் பாருங்கள். நிழல் நகர்ந்திருந்தால் உங்கள் பென்சிலே அதைச் சொல்லும்.

அந்த மாணவனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. இரண்டு வாரம் கழித்து அவன் மறுபடியும் ஓரியன் நெபுலாவை வரைந்து கொண்டுவந்தான். விசிறி இருந்தது, ஒரு சிறகு இருந்தது, மற்றொன்று புள்ளிக்கோடாக இருந்தது. வளையம் முடிய வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, அதன் ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தான்: "இங்கே பத்து நிமிடம் பார்த்தேன், எதுவும் தெரியவில்லை." அந்தத் தாளை இன்றும் என் கோப்பில் வைத்திருக்கிறேன்.